பாட்டோடு ஆளும் வந்த காலம்

(ஆலையடிவேம்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலக இசையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இன்று இது லேசான காரியம்போலத் தெரியும். மாலி நாட்டுக் கோரா வாத்தியம் வேண்டுமா, மொங்கோலியரின் தொண்டைப் பாட்டு வேண்டுமா, நான் இந்த வசனத்தை முடிக்குமுன் முன்வரிசையில் இருக்கும் தம்பிமார் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டிவிடுவார்கள். ஆனால் அதே தம்பியிடம் 'இதைப் பாடுகிற மனிசன் யார், எந்த வேளையில், எதற்காகப் பாடுகிறார்?' என்று கேட்டால் விழிப்பார். அவரைக் குற்றம் சொல்லி என்ன? பாட்டு அவரிடம் தனியாக வந்திருக்கிறது. கொண்டுவந்த ஆள் இல்லை.

நம் கரைக்குப் பிறநாட்டுப் பாட்டு வந்த காலங்களிலெல்லாம் கூடவே ஓர் ஆள் வந்தார். சிப்பாயாக வந்தார், தச்சராக வந்தார், பக்கீராக வந்தார், வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து பேசுகிற அறிவிப்பாளராக வந்தார். அந்த ஆட்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். முடிவில் உங்களிடம் ஒரு வேலையும் ஒப்படைக்கப்போகிறேன். இடையில் எழுந்து போகிறவர்கள் தப்பித்தார்கள்.

முதலில் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், நம் அம்பாறை மாவட்டக் கரையிலும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் இருக்கின்றன. தச்சு வேலை, கொல்லு வேலை, சப்பாத்து வேலை என்று கைத்தொழிலால் வாழ்ந்தவர்கள். நம் வீட்டுக் கதவும் நிலையும் செய்த கைகள் அவை. மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். அதன் பிறகு இந்த மக்களுக்குப் போர்த்துக்கல்லிலிருந்து அரசனும் வரவில்லை, படையும் வரவில்லை, வாத்தியாரும் வரவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் ஒரு போர்த்துக்கேயக் கிரியோல் பேச்சும், கலியாண வீட்டில் வயலினோடும் மண்டலினோடும் கிற்றாரோடும் எழும் கபிரிஞ்ஞாவும் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தங்கிவிட்டன. பிறகு ஆங்கிலேயர் காலத்து லான்சர்ஸ் ஆட்டத்தையும் இவர்கள் தங்கள் கலியாணத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

கபிரிஞ்ஞாவின் நடையை மேற்கத்தியர் ஆறு எட்டு என்று எழுதுவார்கள். நம் கணக்கில் அது திஸ்ர நடை. தாளம் தட்டத் தெரிந்த எவருக்கும் கால் தானாக அசையும். அந்த அசைவுக்குள் ஆபிரிக்காவும் இருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த ஆபிரிக்கச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் புத்தளம் பக்கத்துச் சிரம்பையடியில் இன்றும் கைதட்டி, தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தட்டித் தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். இந்த வேரிலிருந்துதான் மேற்குக் கரையில் வொலி பஸ்தியன் போன்றவர்களின் கையில் சிங்கள பைலா வளர்ந்தது. அந்தப் பைலாவின் துள்ளலைப் பிடித்துக்கொண்டு நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாடினார்கள். பொப்பிசையை 'வெள்ளைக்காரன் பாட்டு' என்று நம் சங்கீத வாத்தியார்கள் சிலர் மூக்கைச் சுளித்த காலம் ஒன்று இருந்தது. அது லண்டனிலிருந்து வந்ததாக அவர்கள் நினைத்தார்கள். பாதியாவது மட்டக்களப்புத் தச்சர் வீட்டுக் கலியாணத்திலிருந்து வந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ தெரியாது.

இனி எனக்கு மனவருத்தம் தரும் பகுதி. இந்தப் பாட்டுகளைத் தேடி முதலில் வந்தவர்கள் நாமல்ல. கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மட்டக்களப்பில் இருந்து கேட்டு எழுதினார், ஒலிப்பதிவு செய்தார். 1998இல் போர்த்துக்கல்லில் ஓர் ஒலித்தட்டு வரிசை வெளியானபோது அதில் இலங்கைக் கபிரிஞ்ஞாவும் ஒரு தட்டாக இடம்பெற்றது. 2010களில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தார் வந்து பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவுசெய்து போனார்கள். நல்ல காரியம், நன்றி சொல்லவேண்டிய காரியம். ஆனால் ஒரு பஸ் ஏறிப் போய்க் கேட்கக்கூடிய அயல்வீட்டுப் பாட்டை நம் பிள்ளைகள் வெளிநாட்டு ஆவணக்காப்பகத்தில் தேடவேண்டிய நிலை நமக்குப் பெருமையல்ல. 2004 ஆழிப்பேரலையில் மட்டக்களப்பு டச்பார் பகுதியில் பறங்கியர் பலர் மாண்டார்கள். அவர்களோடு எத்தனை அடிகள் போயின என்று கணக்கெடுக்க யாராலும் முடியாது.

கருவிகளும் இப்படித்தான் ஆளோடு வந்தன. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? அதைச் சென்னைக் கோட்டைப் பக்கத்து ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் உட்கார்ந்து கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்த இங்கிலிஷ் பாண்டுக்காரரும் அயர்லாந்துக்காரரும் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டு சுவரம் என்ற பெயரில் அவை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டுக்கூட அதற்குள் அம்பாளைப் பற்றிய பாட்டாக இருக்கிறது. ஆசாரம் தெரியாதவரா தீட்சிதர்? காது திறந்திருந்த ஆசாரக்காரர். அவ்வளவுதான்.

அக்கரைப்பற்றுச் சகோதரர்கள் இருக்கும் சபையில் பாவாமார் என்னும் பக்கீர்மாரைச் சொல்லாமல் விடமுடியாது. நோன்பு மாதத்தில் பின்னிரவில் ஸஹருக்கு எழுப்ப அவர்கள் றபான் அடித்துப் பாடிக்கொண்டு தெருவில் வருவார்கள். ஆலையடிவேம்பில் படுத்திருந்த எங்களுக்கும் அது கேட்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து போர்வையை இழுத்து மூடியவர்கள் இந்தச் சபையிலும் இருப்பார்கள். அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பாவாமார் சேர்ந்த றிபாய் தரீக்கா என்ற சூபி வழிக்குப் பெயர் தந்த அஹ்மத் அல் றிபாய் 12ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் தென்பகுதியில் வாழ்ந்த பெரியார். அவருடைய வழியினர் கையில் தோற்கருவியோடு ஊர் ஊராக, துறைமுகம் துறைமுகமாக நடந்தார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாவின் பேரில் கொடியேறும் நாட்களில் பக்கீர்மார் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈராக்கும் நாகூரும் கல்முனையும் ஒரே கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கும் காட்சி அது. உலக இசை விழாவுக்கு இலண்டனில் சீட்டு வாங்கிப் போகிறார்கள். இங்கே அது இலவசம்.

யுத்த காலத்தில் அக்கரைப்பற்று முஸ்லிம்கள், ஆலையடிவேம்புத் தமிழர் என்ற இந்த இரண்டு ஊராரின் காதுகளும் ஒன்றுக்கொன்று மூடிக்கொண்டன. ஒருவர் தெருவில் மற்றவர் நடக்கப் பயந்த காலத்தில் ஒருவர் பாட்டை மற்றவர் எங்கே கேட்பது? அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலும் உடுக்குச் சத்தமும் அந்தப் பக்கம் போகவில்லை, பொல்லடியும் பைத்தும் இந்தப் பக்கம் வரவில்லை. கலியாண வீட்டுக் குரவை மட்டும் இரண்டு பக்கத்துப் பெண்களின் வாயிலும் ஒரே மாதிரியே ஒலித்துக்கொண்டிருந்தது.

வானொலிக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் கண்டியில் இருந்தது. படையினருக்காக நிறுவிய 100 கிலோவாற் சிற்றலைப் பரப்பி போர் முடிந்ததும் இலங்கைக்குக் கிடைத்தது. அப்படி ஒரு பலமான கருவி இந்தப் பிராந்தியத்தில் அரிது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரங்கெட்டது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். உடனே இந்தியாவே கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்த ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி நாடா கொழும்புக்கு வந்து, இங்கிருந்து இமயமலை வரை போனது. தமிழ்ப் பக்கத்தில் எஸ்.பி. மயில்வாகனம், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். தமிழ்நாட்டில் வீடு வீடாக இவர்கள் குரலை அறிந்திருந்தார்கள்.

அந்த அறிவிப்பாளர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். பாட்டுக்கு முன்னே படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று நான்கும் சொல்வார்கள். தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரருக்கும் சலீல் சௌத்ரி வங்காளத்துக்காரர் என்று தெரிந்திருந்தது. ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாமலே மொஹமட் ரஃபியின் குரலை எத்தனை பாட்டுக்கு நடுவில் போட்டாலும் பிரித்துச் சொல்வார்கள். வானொலி ஓர் இயந்திரம்தான். ஆனால் அந்த இயந்திரத்துக்குள் பொறுப்புள்ள ஒரு மனிதர் உட்கார்ந்து, பாட்டின் கையைப் பிடித்து நம் வீட்டுக்கு அழைத்துவந்தார். இன்றைய கைத்தொலைபேசிச் செயலி நேற்று நீங்கள் கேட்டதைக் கணக்குப் போட்டு அதைப்போலவே இன்னொன்றைத் தள்ளிவிடுகிறது. கேட்டதையே கேட்கவைக்கும் வேலை அது. புதிய நாட்டுக்கு அது உங்களைக் கூட்டிப்போகாது. போனாலும் எந்த நாடு என்று சொல்லாது.

இடையில் ஒரு சின்னச் செய்தி. 'உலக இசை' என்ற பெயர் கடைத்தெருவுக்கு வந்தது 1987இல். இலண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் சில இசைத்தட்டுக் கம்பனிக்காரர் கூடி, ஆபிரிக்க, ஆசிய இசைத்தட்டுகளைக் கடையில் எந்தத் தட்டில் அடுக்குவது என்று ஆலோசித்துச் சூட்டிய பெயர். இங்கிலாந்துக்காரர் பாடினால் இசை, நாம் பாடினால் உலக இசை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. வியாபாரிக்கு அடுக்கத் தட்டு வேண்டும். அந்தத் தட்டை நாம் வீட்டுக்குக் கொண்டுவரவேண்டிய அவசியம்தான் இல்லை.

பிற நாட்டுக் கலை ஒருவருக்கு என்ன செய்யக்கூடும் என்பதற்கு இலங்கையில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1955 அளவில் ஜப்பானுக்குப் போனார். கபுகியையும் நோ நாடகத்தையும் அந்தக் கலைஞர்களோடு இருந்து பார்த்தார். பழைய ஆட்ட மரபையும் பாட்டையும் விடாமலே நவீன ரசிகனைக் கட்டிப்போடலாம் என்பதை அங்கே கண்டார். திரும்பி வந்து கபுகியைப் பிரதி பண்ணவில்லை. அம்பலாங்கொடையில் நாடகம என்ற பழைய கூத்து வடிவத்தைக் கையில் வைத்திருந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயைத் தேடிப் போனார். அந்த முதியவரின் பாட்டும் சரச்சந்திரவின் எழுத்தும் சேர்ந்து 1956 நவம்பரில் 'மனமே' மேடையேறியது. சிங்கள நாடகம் அன்றோடு திசை திரும்பியது.

இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. நாடகம என்ற அந்த வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து, மேற்குக் கரைக் கத்தோலிக்க மக்கள் வழியாகச் சிங்களத்துக்குப் போனது. அதன் மெட்டுகளில் தென்னிந்திய வாடை இன்றும் அடிக்கும். 'மனமே'யைப் பார்த்த பேராதனைத் தமிழ் விரிவுரையாளர் சு. வித்தியானந்தன், 'நம்மிடமிருந்து போன சரக்கு இது. நம் சரக்கு எங்கே?' என்று மட்டக்களப்புப் பக்கம் திரும்பினார். அண்ணாவிமாரைத் தேடினார். மத்தளமும் சல்லரியும் பல்கலைக்கழக மேடை ஏறின. 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. அன்று மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் கிழக்கின் கூத்துக்கே பேராசிரியரானார். வட்டக் களரியில் விடிய விடிய ஆடிய நம் ஊர்க்காரரின் ஆட்டத்தைக் கொழும்புப் படிப்பாளிகள் மரியாதையோடு பார்க்க, ஒருவர் டோக்கியோ போய் வரவேண்டியிருந்தது. வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. சரச்சந்திர கபுகியைத் திரையில் மட்டும் பார்த்திருந்தால் ஒரு நல்ல கட்டுரை எழுதியிருப்பார். ஆட்களோடு இருந்ததால் குருன்னான்சேயின் வாசல் எங்கே என்று அவருக்குத் தெரிந்தது.

ஆள் அற்றுப்போனால் என்ன ஆகும்? அதற்கும் நம் கரையே சாட்சி. இங்கிருந்து வடக்கே காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். கல்முனையிலும் மட்டக்களப்பு மைக்கேல் கல்லூரியிலும் படித்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பௌதிகம் படிப்பித்தவர். அவர் தேடிய யாழ் என்ற கருவி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது, பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது, கையில் இல்லை. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு ஏழு நரம்பு என்று உரையாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த நரம்பை எப்படிச் சுருதி கூட்டுவது என்று காட்டித்தர ஒரு பாணனும் உயிரோடு இல்லை. ஒரு பாணன் ஒரு மாலைப்பொழுதில் காட்டியிருக்கக்கூடியதைச் சுவாமி பழைய உரைகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் பௌதிகத்திலிருந்தும் மீட்டெடுக்க 14 ஆண்டுகள் உழைத்தார்.

அவர் பிடித்த கயிறு உலகப் பொதுவான கயிறு. நரம்பை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் இளி பிறக்கும், நாம் இன்று பஞ்சமம் என்பது. அந்த இளியிலிருந்து இன்னோர் இளி, அதிலிருந்து இன்னொன்று என்று சுரங்களைப் பிறப்பிக்கலாம். கிரேக்கத்தில் பைதகரசின் பெயரால் வழங்குவதும் இந்தக் கணக்குத்தான். சீனர் மூங்கில் குழாயில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தும் கூட்டியும் செய்ததும் இதேதான். அப்படி முதலில் பிறக்கும் ஐந்து சுரங்களை வரிசையில் வைத்தால் மோகனம் கிடைக்கிறது. அதனால்தான் சீனப் பாட்டோ ஸ்கொட்லாந்துப் பாட்டோ கேட்கும்போது சிலவேளை நம் காது 'இது மோகனம்போல இருக்கிறதே' என்கிறது. விபுலாநந்தர் தமிழை நேசித்ததால் விஞ்ஞானத்தை ஒதுக்கவில்லை, ஷேக்ஸ்பியரையும் ஒதுக்கவில்லை. 1926இலேயே 'மதங்க சூளாமணி' எழுதி ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்தவர் அவர். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அடுத்த மாதமே சுவாமி மறைந்தார்.

நூல் நம்மிடம் இருக்கிறது. யாழ் இருக்கிறதா? சென்னையில் இளைஞர் சிலர் அண்மையில் செய்து மீட்டிப் பார்க்கிறார்கள், வாழ்க. ஆனால் பரம்பரை அறுந்தது அறுந்ததுதான். பர்மாவுக்குப் போனால் சவுங் என்ற வில்வடிவ யாழைக் காணலாம். மடியில் வைத்து மீட்டுவார்கள், இப்போது பெரும்பாலும் 16 நரம்பு. பழங்காலத்தில் இந்தியாவிலிருந்து போன வடிவம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. போன இடத்தில் குருவும் சீடனும் விடாமல் கைமாற்றிக் கொடுத்ததால் அங்கே அது உயிரோடு இருக்கிறது. தமிழ் மண்ணில் அந்தப் பழைய யாழ் கல்லிலும் செய்யுளிலும் மட்டும் இருக்கிறது. பிறநாட்டு இசையை ஏன் கேட்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சவுங்கைத்தான் காட்டுவேன். நாம் தொலைத்த பொருள் அயலார் வீட்டில் பத்திரமாக இருக்கலாம்.

இன்று நம் கரையிலிருந்து அதிகம் பேர் போவது வளைகுடாவுக்கு. வாப்பா கட்டாரில், உம்மா குவைத்தில் என்று வளர்ந்த பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர். ஒரு காலத்தில் திரும்பி வந்தவர்களின் பெட்டியில் வானொலியும் கசெற்றும் சேர்ந்த பெரிய பெட்டியொன்று கட்டாயம் இருக்கும், சிலவேளை எகிப்தின் உம்மு குல்தூமின் கசெற்றும் இருக்கும். ஆனால் பஹ்ரைனில் முத்துக் குளிப்பவர்களின் பாட்டு என்று ஒன்று உண்டு. ஃபிஜ்ரி என்பார்கள். நஹ்ஹாம் என்ற தலைமைப் பாடகர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அடித்தொண்டையில் முழங்குவார்கள். நீண்ட மாதங்கள் கடலில் கிடந்தவர்களின் உழைப்புப் பாட்டு. 2021இல் யுனெஸ்கோ அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கரைவலை இழுக்கும்போது நம்மவர் பாடும் அம்பாப் பாட்டை அறிந்தவர் அதைக் கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார். ஒருவர் எடுக்க, பலர் வாங்க, கயிறு நகரும். பல ஆண்டுகள் அங்கே உழைத்த நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இதைக் கேட்கக் கிடைத்தது? அவர்களைக் குறை சொல்லமாட்டேன். சமையலறையிலும் கட்டடச் சாரத்திலும் நின்றவர்களுக்கு எந்த நாடும் தன் பாட்டை உட்காரவைத்துக் காட்டுவதில்லை. இன்று இங்கிருந்து புறப்படுகிற பிள்ளைகள் கேட்டுப் பார்க்கட்டும்: 'உங்கள் கிழவர்கள் கடலில் என்ன பாடினார்கள்?' அந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும் கதவு திறக்கும்.

இனி நான் சொன்ன அந்த வேலை. இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். கையில் தொலைபேசி இருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முதியவரிடம் போங்கள். தமிழ்ப் பிள்ளை அக்கரைப்பற்றில் ஒரு மூத்தம்மாவின் கவியைக் கேட்கட்டும், முஸ்லிம் பிள்ளை பனங்காட்டிலோ கோளாவிலிலோ ஓர் அண்ணாவியாரையோ பொலிப் பாட்டுத் தெரிந்த போடியாரையோ தேடட்டும். வசதி இருந்தால் மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக்குப் போங்கள். பதிவுசெய்ய முதலில் அனுமதி கேளுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேளையில் பாடுவது, இவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்லவையுங்கள். பழைய வானொலி அறிவிப்பாளர் செய்த வேலை அது. ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுங்கள், இன்னொன்றை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கு அனுப்புங்கள், ஒலுவில் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களிடமும் காட்டுங்கள்.

அதற்குப் பிறகு மாலிக்கும் மொங்கோலியாவுக்கும் போங்கள். அங்கே என்ன கேட்பது என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதிவுகளைக் கொண்டுவந்தால் இதே மண்டபத்தில் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். பாடியவர்களையும் கூட்டிவாருங்கள், முன்வரிசை அவர்களுக்கு.